ஓய்வெடுக்காத இதயம்

"ஒத்துக்கிட்டா விஷயம் இந்த ரூமோட போயிடும்."

"எதை ஒத்துக்கணும் சார்?"

"திருட்டுத்தனமா ஓடுறதை."

ஓட்டக்காரி வாயைப் பொத்திக்கொண்டு ஒரு நீண்ட கொட்டாவி விட்டாள். குற்றவாளி கொட்டாவி விடுவது நடிப்பின் உச்சம் என்று ஆய்வாளன் மனதுக்குள் குறித்துக்கொண்டான்.

பயிற்சி முகாமில் அவனுக்கு வேலை, வீரர்களின் இதயத்துடிப்பைப் படிப்பது. ஆனால் மொழிபெயர்ப்பில் கிடைத்த வெளிநாட்டுத் துப்பறியும் நாவல்களையெல்லாம் படித்துத் தீர்த்ததில், தான் வழிதவறி விளையாட்டுத் துறைக்கு வந்துவிட்ட துப்பறிவாளன் என்றே நம்பிவந்தான். நாவல்களில் வருகிற மூடுபனி இங்கே இல்லை. தசைவலித் தைலத்தின் நெடியும், ஜன்னலில் காய்கிற சாக்ஸும்தான் இருந்தன. இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

மூலையில் கோச் தேர்வுப் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்குப் பட்டியல் போயாக வேண்டும். ஐயாயிரம் மீட்டருக்கு ஒரே ஓர் இடம். அதில் அவள் பெயர். அட்டவணைக்கு வெளியே ஓர் அடி ஓடினாலும் பெயரை அடித்துவிடுவேன் என்பது அவர் வைத்த சட்டம். போன வருடம் அப்படி ஓடி ஒருத்தி காலெலும்பில் விரிசலோடு வீட்டுக்குப் போனாள்.

"கோச், நல்லா ஓய்வெடுத்த இதயம் ஒரே சீரா துடிக்காது," என்று ஆய்வாளன் எழுந்து நடந்தான். நாவல்களில் அப்படித்தான் நடப்பார்கள். இந்த அறையில் மூன்று அடிக்கு மேல் நடக்க முடியவில்லை. திரும்பி வந்தான். "ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல இடைவெளி கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அப்படி இருந்தாத்தான் உடம்பு தேறிடுச்சுன்னு அர்த்தம். அளவுக்கு மீறி உழைச்ச உடம்புல அது கடிகாரம் மாதிரி ஒரே தாளத்துல அடிக்கும். இவ இதயம் பதினெட்டு நாளா கடிகாரம்தான்."

கோச் கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்ச்சைத் தூக்கிக் காட்டினார். "எனக்குத் தெரிஞ்ச கடிகாரம் இது. இதுல இவ நேத்துகூட ரெண்டு செகண்ட் குறைச்சிருக்கா. களைச்சுப் போனவ எப்படி தம்பி வேகமா ஓடுவா?"

"அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க," என்றான் ஆய்வாளன். எங்கே, எப்படி என்று அவனுக்கே தெரியாது. ஆனால் சொல்லிப் பார்க்க நன்றாக இருந்தது.

முகாமில் எல்லோரும் இரவும் பகலும் நெஞ்சில் ஒரே மாதிரியான கறுப்புப் பட்டை கட்டியிருப்பார்கள். உள்பக்கம் ஒட்டியிருக்கும் எண் மட்டும்தான் ஆளுக்கு ஆள் வேறு. துடிப்பு தானாகவே அவனுடைய லேப்டாப்புக்கு வந்து சேரும். ஊருக்கெல்லாம் கட்டிவிட்டுத் தான் மட்டும் சும்மா இருப்பது நியாயமில்லை என்று அவனும் ஒன்று கட்டிக்கொண்டான். தன் அறிக்கையை மட்டும் அவன் திறந்ததே இல்லை. ராத்திரியெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து துப்பறியும் கதை படிக்கிறவனின் இதயத்தில் என்ன மர்மம் இருந்துவிடப் போகிறது?

"ராத்திரி ஒன்பதரைக்குத் துடிப்பு ஏற ஆரம்பிக்குது. பத்தே முக்காலுக்கு உச்சம். அப்ப எங்க இருந்தே?"

"ஒன்பதுக்கே தூங்கிடுவேன் சார். என் ரூம்காரியைக் கேளுங்க. என் குறட்டை தாங்கலைன்னு வேற ரூம் கேட்டு மூணு தடவை எழுதிக் கொடுத்துட்டா."

"அதுல ரெண்டு கடுதாசி இன்னும் என் மேசையிலதான் கிடக்கு," என்றார் கோச்.

ஆய்வாளன் சிரித்தான். கூட்டாளியும் இருக்கிறாள்! இந்தப் பெண்ணின் கிராஃபை நினைத்து நினைத்துப் பத்து நாளாக அவனுக்குச் சரியான தூக்கமில்லை. நான்கு விடியற்காலைகள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் ஜன்னலைப் பார்த்தான். அவள் வெளியே வரவே இல்லை. ஆனால் உள்ளே வந்து லேப்டாப்பைத் திறந்தால் துடிப்பு தாறுமாறாக எகிறியிருக்கும். எவ்வளவு பெரிய கைகாரி!

கடைசி ஆயுதத்தை எடுத்தான்.

"நேத்து காலையில அஞ்சு பத்துலேருந்து அஞ்சு பதினாறு வரைக்கும். நிமிஷத்துக்கு நூத்தி எண்பது! தலைதெறிக்க ஓடியிருக்கே. இதுக்கு என்ன பதில்?"

"சார், நான் இந்த ஒரு ஓட்டத்துக்காக நாலு வருஷமா வீட்டுக்குக்கூடச் சரியா போகலை," என்றாள் ஓட்டக்காரி. இப்போது அவள் குரலில் தூக்கம் இல்லை. "அதைக் கெடுத்துக்கவா விடியக்காலையில ஓடுவேன்?"

"கிராஃப் பொய் சொல்லாதும்மா."

"அஞ்சு பத்தா?" என்று கோச் நிமிர்ந்தார்.

"செகண்ட் சுத்தமா இருக்கு கோச்."

"அப்ப நான் மாடியில நின்னு பல் தேய்ச்சுக்கிட்டிருந்தேன். மைதானத்துல ஒரே ஒரு ஆள்தான் ஓடினது. பின்னாலேயே நம்ம காவல்காரரோட நாய். ரெண்டு சுத்து." கோச் பட்டியலின் ஓரத்தைத் தடவினார். "அந்த ஆள் இவ இல்லை."

ஆய்வாளன் அவசரமாக லேப்டாப் பக்கம் குனிந்தான். அந்த நாய் தன்னைத் துரத்தியதை யாரும் பார்க்கவில்லை என்றல்லவா நினைத்திருந்தான்?

மேசையில் திறந்திருந்த திரையில், ஓட்டக்காரியின் பெயருக்கு நேரே இருந்த சிவப்புக் கோடு ஏறத் தொடங்கியது. நூற்றுப் பத்து. நூற்று இருபத்தெட்டு. பாருங்கள், பதறுகிறாள் என்று சொல்ல வாயெடுத்துத் திரும்பினான். அவள் இன்னொரு கொட்டாவியின் நடுவில் இருந்தாள்.

நூற்று நாற்பது.

அவள் சட்டைக் கழுத்துக்குள் கைவிட்டுத் தன் பட்டையைக் கழற்றினாள். உள்பக்கம் ஒட்டியிருந்த எண்ணைப் படித்தாள். கோச்சிடம் காட்டினாள். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டாள்:

"சார், கோச் பட்டியல்ல கையெழுத்துப் போடுறதுக்குள்ள, நீங்க பதினெட்டு நாளா நெஞ்சுல கட்டியிருக்கிற என் பட்டையைக் கொஞ்சம் கழட்டிக் கொடுக்கிறீங்களா?"