இரண்டு குளிர்காலம்

“செத்துப்போச்சுன்னு யார் சார் சொன்னது? தூங்குது!” ஆராய்ச்சிக்கூடத்தின் குளிர்பெட்டியை மறித்துக்கொண்டு ஆராய்ச்சி மாணவி நிற்கிறாள். “மூணு மாசமா முளைக்கல. இன்னும் தாலாட்டுப் பாடணுமாம்மா?” துறைத்தலைவர் விதைத் தட்டுகளைக் குப்பைப்பையில் போட்டுக்கொண்டே கேட்கிறார். அவள் அந்தக் குப்பைப்பையில் கைவிட்டு, கடுகில் பாதியளவு விதை ஒன்றை எடுத்துப் பிளேடால் பிளக்கிறாள். குழல்விளக்கின் வெளிச்சத்தில் உள்ளே பால்வெள்ளை. அதை அவர் முகத்தருகே நீட்டுகிறாள். “உயிர் இருக்கு, பாருங்க. ரெண்டு குளிர்காலம் பார்த்தாத்தான் கண் முழிக்கும். இந்தச் செடி வளர்ந்த மலைச் சதுப்பு நிலத்தை மண் போட்டு மூடி கார் நிறுத்துறாங்க. வேற விதை எங்கயும் இல்ல.” அவர் பாராமலே பையின் வாயை முறுக்குகிறார். பிளாஸ்டிக் நெறுநெறுக்கிறது. “முடிச்சுப் போடாதீங்க சார். அதை என்கிட்ட குடுங்க.”