தனிக்கு எழுந்து போகிறவர்கள்

"மிருதங்க வாத்தியார்னு பேரு. பிள்ளைங்களை மிருதங்கத்தைத் தொடவே விடமாட்டீங்களாமே!"

பாபநாசத்துப் பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு வாசலில் நின்று சாமிதுரை சத்தம் போட்டார். தோளில் கிடந்த துண்டில் பஜ்ஜி எண்ணெய் மணந்தது. உள்ளே அவர் மகள் சந்திரலேகாவோடு ஏழாம் வகுப்பு மொத்தமும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. மிருதங்கமோ மூலையில், உறைக்குள் சமர்த்தாகத் தூங்கியது.

வாத்தியார் ஹரிஹரசுப்ரமணியன் கோபப்படவில்லை. "முதல்ல கேக்கக் கத்துக்கட்டுங்க. அப்புறம் தொடட்டும்."

"ஒரு வருஷமாவா சார் கேக்குறது? வீட்டுக்கு வந்து என்னையும் உக்காரவச்சு, தட்டு, விரலை விடு, கையைத் திருப்புங்கிறா. மாவு கரைக்கிறப்பகூட கை தானா எண்ணுது. கடைக்கு வர்றவன்லாம் சிரிக்கிறான்!"

"நல்லதுதானே."

"என்ன நல்லது? பக்கத்து வீட்டுப் பய கீபோர்டுல சினிமாப் பாட்டே வாசிக்கிறான். எம் பொண்ணு தொடையைத் தட்டிக்கிட்டு உக்காந்திருக்கா!"

"வாசிக்கிறதுக்கு இந்த ஜில்லாவுல ஆளுக்கா பஞ்சம்? உக்காந்து கேக்கத்தான் ஆள் இல்லை. கச்சேரியில தனின்னு வந்தா என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன! பாட்டு வாயை மூடிக்கொள்ள, மிருதங்கம் மட்டும் பேசுகிற நேரம்தான் தனி. அது ஆரம்பித்ததோ இல்லையோ, கூட்டம் காப்பி குடிக்கக் கிளம்பிவிடும். அந்தக் காப்பியைப் போடுகிறவரே சாமிதுரைதான். சுற்றுவட்டாரக் கச்சேரிக்கெல்லாம் அவர் கேன்டீன்தான்.

"உங்க தனியாலதான் சார் எங்க வீட்டு அடுப்பே எரியுது. நீங்க ஒரு தட்டு தட்டுனா போதும், நான் வாழைக்காயை எண்ணெயில போட்டுடுவேன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. வாத்தியாரும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் காது சிவந்துபோயிற்று, பாவம். மீசை முளைத்த நாளிலிருந்து மேடை ஏறுகிற மனிதர். தன் தனியின்போது அவர் பார்த்ததெல்லாம் ஊராரின் முதுகைத்தான்.

"சரிங்க, ஒரு பந்தயம். நாளைக்கு நவராத்திரிக் கச்சேரியில என் தனிக்குக் கூட்டம் எழுந்து போச்சுன்னா, இந்தத் தாளம் போட வைக்கிறதையே விட்டுடறேன். திங்கக்கிழமையே உங்க பொண்ணு மடியில மிருதங்கம். கூட்டம் உக்காந்துட்டா, நீங்க இந்த வாசல்ல வந்து சத்தம் போடக் கூடாது."

"ஒரு டின்னு எண்ணெய் கூடுதலாவே வாங்கிடறேன் சார்!" என்று சிரித்துக்கொண்டே போனார் சாமிதுரை.

மறுநாள் சாயங்காலம் குடமுருட்டி ஆற்றங்கரை மண்டபத்தில் நாற்காலி கொள்ளாத கூட்டம். பிள்ளைகள் பின்னால் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாடகி அம்ருதா பாட்டை நிறுத்தி, வாத்தியார் பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

வாத்தியார் வாசிக்க ஆரம்பித்தார். உடனே நாற்காலிகள் கிறீச்சிட்டன. முதலில் ரிட்டயர்டு தாசில்தார் ரகுராமன் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். அவர் பின்னால் ஒரு வரிசை, அதன் பின்னால் இன்னொரு வரிசை.

வாத்தியார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பந்தயம் போச்சு. இத்தனை வருஷமாகப் பிடிவாதமாகக் காப்பாற்றிய பாடமும் போச்சு. போகட்டும், மிச்சம் இருக்கிற பிள்ளைகளுக்காவது ஒழுங்காக வாசிப்போம் என்று விரல்களை ஓடவிட்டார். சன்னல் வழியே வெறும் ஆற்றுக் காற்று மட்டும் வந்தது.

கண்ணைத் திறந்தால், அதிசயத்தைப் பாருங்களேன்! ரகுராமன் திரும்பி வருகிறார். அவர் பின்னாலேயே போனவர்கள் அத்தனை பேரும் வந்து, அவரவர் நாற்காலியில் உட்காருகிறார்கள். கடைசிவரை ஒருவர் அசையவில்லை. வாத்தியார் கை பறந்தது. முடித்தபோது மண்டபமே அதிரக் கைதட்டல்.

கச்சேரி முடிந்ததும் முதல் வேலையாகக் கேன்டீனுக்கு ஓடினார். சாமிதுரை அப்போதுதான் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா? எழுந்து போனவங்களையே இழுத்துட்டு வந்துடுச்சுங்க என் வாசிப்பு!"

காப்பிக்குக் காத்து நின்ற ரகுராமனுக்குப் பொறுக்கவில்லை. "வாசிப்பாவது ஒண்ணாவது! கேன்டீன் பூட்டிக் கிடந்துச்சு ஓய். வெளியில நின்னு கொசுக்கடி வாங்கறதுக்கு உள்ளயே உக்காரலாம்னு வந்தோம்."

வாத்தியார் முகம் தொங்கிப்போயிற்று. சாமிதுரையைப் பார்த்தார். "எனக்காகவா பூட்டினீங்க? இப்படி விட்டுக்கொடுத்து ஜெயிக்கிறதுக்கு நான் தோத்தே போயிருக்கலாமே!"

"அட, யாரு சார் விட்டுக்கொடுத்தது? அம்புட்டு எண்ணெயும் அப்படியே நிக்குது. எனக்கு இன்னைக்கு வியாபாரமே போச்சு!"

"அப்போ கடையைப் பூட்டிட்டு எங்கதான் போனீங்க?"

"பொண்ணு கூப்பிட்டாளேன்னு சும்மா ஒரு பாட்டுக்கு அவ பக்கத்துல வந்து உக்காந்தேன்." சாமிதுரை தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

"தனி நடக்கிறப்ப எப்படி சார் எழுந்து வர்றது?"