கயிற்றுக் கழிவு

"ஒன்பதாயிரத்து எழுநூத்தி நாப்பது ரூவா. கணக்குச் சரிதானவே, கொம்பையா?"

வள்ளத்தில் ஊறியிருந்த தண்ணீரைச் சிரட்டையால் இறைத்துக்கொண்டிருந்த கொம்பையா நிமிர்ந்து பார்த்தான். வாய்க்கால் கரையில் நண்டு வியாபாரி அசன் மைதீன் முதலாளி நின்றுகொண்டிருந்தார். உச்சி வெயில். ஆறு கடலில் சேரும் அந்த முகத்துவாரத்தில் அன்றைக்கு ஒரு காக்கைகூட இல்லை.

கொம்பையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தொகையை அவன் யாரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டியிடம்கூட.

கொம்பையா பிடித்துவந்து போடுகிற நண்டின் கொடுக்கைக் கட்டுகிற ஈரக்கயிறும் எடையில் சேருகிறது என்று சொல்லி, கிலோவுக்கு நூறு கிராம் கழித்துத்தான் காசு தருவார் முதலாளி. கயிறு பத்து கிராம்கூட இருக்காது. ஒன்றரை வருஷமாக அப்படிப் போன காசை மனசுக்குள்ளேயே கூட்டிக் கூட்டி வைத்திருந்தான் கொம்பையா. போன மாசம் ஒருதரம் வாய்விட்டுக் கேட்டான். "இஷ்டம்னா போடு, இல்லன்னா ஒன் நண்டை நீயே தின்னுலே" என்று எடை போடும் கொட்டகையில் நாலு பேர் முன்னால் ஏசினார்.

எப்போதும் 'லே' போடுகிற அந்த வாய், இன்றைக்கு மரியாதையாக 'வே' என்றது.

"அக்கரைக்கு விடுவே" என்று ஏறி உட்கார்ந்தார். நல்ல கனத்த ஆள். அவர் ஏறினால் வள்ளம் ஒரு பக்கம் சாயும். இன்று அசையவே இல்லை.

தைக்காத வெள்ளைத் துணி சுற்றியிருந்தார். இடுப்பில் வழக்கமாக இருக்கும் பச்சை பெல்ட்டைக் காணோம். கற்பூர வாசம் அடித்தது.

"என்ன மொதலாளி, மக்காவுக்குப் பொறப்பட்டாச்சா? கறிக்கடை பாயும் இந்த மாதிரி வெள்ளையிலதான் போனாவ."

"பயணந்தான்வே. போறதுக்கு முன்னால பட்ட கடனைத் தீக்கணும்லா?"

"அப்பம் காசைக் குடுங்க. அடிப்பலகை இத்துப் போச்சு. மாத்த பத்தாயிரம் ஆவும்ங்காரு ஆசாரி. ஐப்பசி மழைக்குள்ள மாத்தலைன்னா, வள்ளத்தோட நானும் முங்க வேண்டியதுதான்."

"இந்தத் துணியில பை கெடையாதுவே."

"மகன்கிட்ட சொல்லுங்களேன்."

"காலையிலேர்ந்து சொல்லிப் பாத்துட்டேன். காதுல வாங்க மாட்டேங்கான்."

கொம்பையா சிரித்தான். "அப்பன் புத்திதான மகனுக்கும் வரும்!"

முதலாளிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் கொம்பையாவுக்கு என்னவோ போல் இருந்தது.

கம்பை ஊன்றி ஊன்றித் தள்ளினான். அக்கரை நெருங்கவில்லை. எதிரே உடைமரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஐந்து நிமிஷத்தில் கடக்கிற வாய்க்கால்தான். உள்ளங்கை எரிந்தது.

"என்ன எழவு இது! தண்ணி இழுப்புகூட இல்லையே."

"நீ விட்டாத்தான்வே நான் கரையேற முடியும். 'பொறுத்துக்கிட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லு."

"அப்படீன்னா?"

"கடனை மனசார விட்டுட்டேன்னு அர்த்தம்."

"நல்லாருக்கே நியாயம்! நீங்க புண்ணியம் தேடிப் போவிய, நான் ஓட்டை வள்ளத்துல கெடந்து சாவணுமாக்கும்?"

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

"கயிறுன்னு சொல்லி எடுத்தது திருட்டுவே. தெரிஞ்சேதான் எடுத்தேன். நாலு பேர் முன்னால ஒன்னைய ஏசுனதும் அதை மறைக்கத்தான்."

கொம்பையாவின் கை நின்றது. ஒன்றரை வருஷமாகக் காசைவிட இந்தச் சொல்லுக்குத்தான் காத்திருந்தோம் என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. வள்ளத்துக்குள் கணுக்கால்வரை தண்ணீர் ஏறியிருந்தது. இத்துப்போன பலகையைப் பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்தான்.

"போங்க மொதலாளி. பொறுத்துக்கிட்டேன்."

சொல்லி வாய் மூடுவதற்குள் வள்ளம் கரையில் முட்டியது. குனிந்து கயிற்றைக் குச்சியில் கட்டிவிட்டு நிமிர்ந்தான். முதலாளியைக் காணோம்.

"காரியம் முடிஞ்சதும் ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாரு பாரு. ஆளு மாறவே இல்ல" என்று முணுமுணுத்தான்.

மடியில் செல்போன் அடித்தது. முதலாளியின் மகன் சல்மான் ஃபாரிஸ்.

"கொம்பையா அண்ணாச்சி… வாப்பா இன்னைக்குக் காலையில மவுத்தாயிட்டாவ. குளிப்பாட்டி, வெள்ளைக் கபன் துணி சுத்தி, வீட்டுல கெடத்தியிருக்கோம். அடக்கத்துக்கு முன்னால, வாப்பா கடன் குடுக்க வேண்டியவங்க எல்லாருகிட்டயும் கேக்கணும். ஒங்களுக்கு எதுவும் தரணும்னா சொல்லுங்க, இப்பமே நான் குடுத்துருதேன்."

கொம்பையா வள்ளத்துக்குள் ஏறுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் வேண்டாம் தம்பி" என்றான். "அவுகளே நேர்ல வந்து கேட்டுட்டுப் போயிட்டாவ."