பாதி இறங்கிய ஷட்டர்

பஞ்சர் கடையின் ஷட்டர் பட்டப்பகலில் முழங்கால் உயரம் மட்டும் விட்டு இறங்கிக் கிடக்கிறது. அந்த இடைவெளியில் நுழையும் வெயில், தரையில் சுருண்டிருக்கும் டியூப்களைத் தொட்டதோடு நின்றுவிடுகிறது. பசை வாடை அடிக்கும் அரையிருட்டில், ரசம் போன கண்ணாடி முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கிறாள் கடைக்காரி. இடது கை தலைக்குப் பின்னால் இருக்கிறது. வலது கையின் மூன்று விரல்கள் இடது மார்பை அழுத்தி வட்டம் வட்டமாக நகர்கின்றன, டயரின் உட்புறத்தில் முள் தேடும் அதே நிதானத்தில். வலது மார்பில் கோணலாக ஒரு தழும்பு ஓடுகிறது. போன வருஷம் அங்கே பட்டாணி அளவில் ஒன்று தட்டுப்பட்ட மறுநாளே டாக்டர் முன்னால் போய் நின்றவள் இவள். வெளியே ஹாரன் அலறுகிறது. ஷட்டருக்கு அடியில் ஒரு ஜோடி ஷூ தரையைத் தட்டுகிறது; பக்கத்தில் ஒரு பெண்ணின் செருப்புகள் அசையாமல் நிற்கின்றன. “கடையை இறக்கிட்டு உள்ள என்னதான் பண்றீங்க?” என்கிறது ஷூ. “மார்ல கட்டி இருக்கான்னு தடவிப் பாக்கறேன். மாசத்துல பத்து நிமிஷம். அவசரம்னா வண்டியத் தள்ளிக்கிட்டுப் போங்க!” “கருமம், இதையெல்லாமா கத்திச் சொல்லுவாங்க?” “வெக்கப்பட்டிருந்தா இந்நேரம் போட்டோவாத் தொங்கியிருப்பேன், சார்.” அவள் விரல்கள் நிற்காமல் அக்குளுக்கு நகர்கின்றன. ஷூ தட்டுவதை நிறுத்துகிறது. இப்போது செருப்புகள் அசைகின்றன. ஷூக்காரனின் மனைவி ஷட்டரைக் கொஞ்சம் தூக்கி, குனிந்து, தோளில் கிரீஸ் அப்ப, உள்ளே நுழைகிறாள். “லைட்டைப் போடுங்க அக்கா. எனக்கும் சொல்லிக் குடுங்க” என்றபடி ஷட்டரைத் தரை வரைக்கும் இழுக்கிறாள்.

“ஏய், எங்க போற?” என்று வெளியே கத்துகிறான் கணவன்.

“பத்து நிமிஷம் ஆகும். நில்லுங்க.”