முகப்புக்கு ஒரு வரி

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலாளி முசியே வால்மோர் மெய்ப்புத் தாளின் மேல் பூதக்கண்ணாடியை வைத்து, வலமிருந்து இடமாக நகர்த்தினார்.

அப்படிப் பார்த்தால்தான் வார்த்தை குறுக்கே வராதாம். எழுத்தின் வடிவம் மட்டும் தெரியுமாம். லியோன் நகரத்தின் இந்த எழுத்து வார்ப்பகத்தில், அச்சுக் கோக்க அவள் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்த பாடம்.

இங்கே யாரும் எதையும் படிப்பதில்லை.

சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல எழுத்துக்குக் கால் பார்ப்பார்கள். வயிறு பார்ப்பார்கள். வால் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு ஞானிகளைப்போலத் தலையாட்டுவார்கள்.

தாளில் இரண்டே வரிகள். இரண்டும் அவள் எழுதி, அவளே கோத்தவை:

இந்த எழுத்துகளை வெட்டியவர் ஒனெசிம் துப்ரா.

வால்மோர் அரத்தைத் தொட்டதே இல்லை.

கண்ணாடி அவருடைய சொந்தப் பெயரின் மேல் வந்து நின்றது.

அவள் கதவைப் பார்த்தாள்.

“ஆஹா” என்றார் வால்மோர். கண்ணாடி நகர்ந்தது.

ஒனெசிம் துப்ரா அவளுடைய அப்பா. எஃகுத் துண்டுகளின் முனையில், அரத்தாலும் உளியாலும், ஒவ்வோர் எழுத்தாக வெட்டினார். நான்கு வருடம். முடிந்தபோது எழுத்துகள் இருந்தன. கண்பார்வை இல்லை.

எழுத்துருவுக்கு வால்மோர் என்று பெயர் வைத்தார்கள்.

வால்மோர் குடும்பத்தில் எழுத்துருவாகாத ஆள் கிடையாது. தாத்தா, நொடித்துப்போன வார்ப்பகங்களை ஏலத்தில் எடுத்தார். வெட்டியவர்களின் முத்திரையை ராவி எடுத்துவிட்டுத் தன் பெயரைப் பொறித்தார். அப்பன் பெயரில் ஒரு தடித்த எழுத்து, ஆளைப்போலவே. மாமியார் பெயரில் சாய்வெழுத்து. செத்துப்போன நாயின் பெயரில் பூவேலை செய்த ஓரக்கட்டங்கள்.

இதற்கு வார்ப்பகத்தின் வரலாறு என்று தலைப்பு. எழுத்துருக்களைக் காட்டி அச்சகங்களுக்கு அனுப்பும் புதிய மாதிரிப் புத்தகத்தின் முதல் எட்டுப் பக்கங்கள். கோத்ததும் அவள்தான்.

நூற்றுப்பத்து ஆண்டுகளில் அரம் பிடித்த ஒருவனின் பெயரும் அதில் இல்லை. நாயின் பெயர் மூன்று இடங்களில் வருகிறது.

அப்பா ஒரே ஒரு முறைதான் கேட்டார்.

“புஸ்தகத்துல என் பேரு வருமாம்மா?”

வரும் என்று சொல்லிவிட்டாள்.

எழுத்துருவின் அழகைக் காட்ட, புத்தகத்தில் ஏதாவது இரண்டு வரிகள் வேண்டும். என்ன வரிகள் என்று எவரும் கேட்பதில்லை. அங்கேதான் அப்பாவின் பெயரை வைத்தாள்.

வால்மோர் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

“பிரமாதம், மத்மொசெல். இதை உள்ள போட்டு வீணாக்க வேணாம். இன்னும் பெருசா, முகப்புக்கே போகட்டும்.”

அந்த அளவில் முகப்பில் ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கும் என்றாள்.

“அப்ப ஒண்ணை எடுத்துடுங்க.”

“எதை?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். நாற்காலி பேசியதுபோல.

“எதை எடுத்தா என்ன? எல்லாம் எழுத்துதானே.”

கீழே கையெழுத்துப் போட்டுத் தாளைத் தள்ளினார்.

அவள் தன் இடத்துக்குத் திரும்பினாள். பெரிய எழுத்துகள் இருக்கும் தட்டை இழுத்தாள். இரண்டு வரிகளையும் மறுபடி பார்த்தாள்.

ஒரு வரி.

புத்தகம் இரண்டாயிரம் பிரதிகள். பாரிஸுக்குப் போகும். ப்ரஸ்ஸல்ஸுக்குப் போகும். அச்சகம் அச்சகமாக மேசைமேல் கிடக்கும். அந்த ஆள் தன் மூஞ்சியில் தானே கரி பூசிக்கொண்டு, அதற்குக் கையெழுத்தும் போட்டு, தபால்தலை ஒட்டி ஊர் ஊராக அனுப்பப் போகிறார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கட்டடத்துக்குள் அவள் சிரித்ததே இல்லை.

சிரித்துக்கொண்டேதான் முதல் வரியை எடுத்தாள்.

அப்பாவின் பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்து, தட்டில் அதனதன் அறையில் போட்டாள். மற்ற எழுத்துகளோடு கலந்துவிட்டன.

மிஞ்சிய வரியைப் பெரிதாகக் கோத்தாள். முதல் மெய்ப்பைத் தடித்த அட்டையில் அவளே எடுத்தாள், நன்றாக அழுத்தி. வரி அட்டைக்குள் பள்ளமாக இறங்கியது.

மை உலர்ந்ததும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவர் கண்ணாடியைப் பிடித்த விதம். ஆஹா என்ற விதம். அப்பா வயிறு குலுங்கச் சிரிப்பார்.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

“போட்டுட்டாங்களா?”

“முகப்புலயே போட்டுட்டாங்கப்பா.”

அந்த வார்த்தை எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

அப்பா எழுந்து நின்றார். கைகள் இரண்டையும் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

பையில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அட்டையைக் கொடுத்தாள்.

அவருடைய கட்டைவிரல் முதல் எழுத்தின் பள்ளத்தில் இறங்கியது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

பிறகு அடுத்த எழுத்து. அதற்கடுத்தது.

கடைசிப் புள்ளிவரை போனது. ஓர் எழுத்தையும் விடவில்லை.

அவர் உட்கார்ந்தார். அட்டையை மடியில் வைத்து, அதன் மூலையை நீவிவிட்டார்.

“முதலாளி பேரு நல்லா விழுந்திருக்கும்மா” என்றார்.