ஊசி போட்டும் வந்த காய்ச்சல்

"ஊசி போட்டுகினா ஒண்ணும் ஆவாதுன்னீங்களே, இது இன்னா? கண்ணத் தொறந்து நல்லாப் பாரு!"

பொன்னம்மாள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. கட்டிலில் அவள் புருஷன் திருவேங்கடம், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சாய்ந்து கிடந்தார். கால்மாட்டில் நிஷா, கையில் ஒரு பிளாஸ்க்கோடு நின்றாள்.

வானகரத்தில் இரண்டு குடும்பமும் ஒரே அடுக்குமாடிதான், எதிரெதிர் வீடு. நிஷாவின் புருஷன் ராகவன் அசோசியேஷன் செயலாளர். இரண்டு மாதம் முன்னால் ஃப்ளூ தடுப்பூசி முகாம் நடத்தியது அவன்தான். அதில் போய்க் கையை நீட்டிவிட்டு வந்த திருவேங்கடம், இப்போது அதே ஃப்ளூவில் படுத்திருக்கிறார். பொன்னம்மாளுக்கு வயிறு எரியுமா எரியாதா?

"ஆன்ட்டி, அங்கிளுக்கு இப்ப பரவால்லன்னு சொன்னாங்க..."

"இன்னா பரவால்ல? மூச்சு வாங்கிகினு கெடக்குறாரு மனுசன், பரவால்லயாம்! வந்ததுலேர்ந்து எனக்குப் பச்சத்தண்ணி எறங்கல. இவருக்கு ஒண்ணுன்னா நான் எங்க போயி நிப்பேன்? நீ வந்து பாத்துக்குவியா?"

நிஷாவின் தலை கலைந்திருந்தது, சுடிதார் கசங்கியிருந்தது, மாஸ்க்குக்கு மேலே கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. நன்றாகத் தூங்கி எழுந்து, போனால் போகிறது என்று எட்டிப் பார்க்க வந்திருக்கிறாள் மகராசி! பொன்னம்மாளுக்கு இன்னும் ஏறியது.

"எங்க கழனிம்மா அது. நெல்லு வெளஞ்ச எடத்துல ஊடு கட்டிகினு வந்து குந்திகினீங்க. நாங்க எதனா கேட்டமா? கடைசில எங்களுக்கே ஊசி குத்துறீங்க. படிச்ச திமிரு!"

அந்தக் கழனியை பில்டரிடம் கொடுத்து மூன்று ஃபிளாட் வாங்கிக்கொண்டதை அவள் அப்போது சொல்லவில்லை. அது வேறு விஷயம்.

"பொன்னு..." திருவேங்கடம் கையைத் தூக்கினார். இருமல் வந்து மீதியை அடைத்துவிட்டது.

"நீ கம்னு கெட! யாரு கூப்ட்டாலும் கைய நீட்டிடுவியா?" என்று அவரை அடக்கிவிட்டு மறுபடி நிஷாவிடம் பாய்ந்தாள். "உன் ஊட்டுக்காரன் எங்க? அன்னிக்கு மைக்கப் புடிச்சிகினு அந்தப் பேச்சு பேசினானே, இப்ப ஒரு எட்டு வந்து பாக்க முடியலயா?"

"அவரால... வர முடியல, ஆன்ட்டி."

"எந்த மூஞ்ச வச்சிகினு வருவான்!"

நிஷா பிளாஸ்க்கை ஜன்னலோரம் வைத்தாள். "கேன்டீன்ல கஞ்சி வாங்கினேன். ஆறுறதுக்குள்ள குடுத்துடுங்க."

"கேன்டீன் கஞ்சியா? ஊட்ல ஒரு கை அரிசி போட்டுப் பொங்கி எடுத்தார ஒடம்பு வணங்கலயா?"

நிஷா திருவேங்கடத்தைப் பார்த்து, "வரேன் அங்கிள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

"பாத்தீங்களா, பதில் சொல்ல வாயில்ல" என்று பொன்னம்மாள் பக்கத்துக் கட்டில்காரரின் சம்சாரத்திடம் நியாயம் கேட்டாள். அந்தம்மாவும் தலையாட்டி வைத்தாள்.

பிரஷர் பார்க்க வந்த நர்ஸ் ஜெயப்பிரியாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏம்மா, அந்த அக்காவ இப்படியா பேசுவீங்க? ஊசி போட்டா காய்ச்சலே வராதுன்னு இல்ல. வந்தாலும் ரொம்ப முத்த விடாம காப்பாத்தத்தான் போடறது. சர்க்கரையும் வீசிங்கும் வச்சிக்கிட்டு இவரு ஐசியூவுக்குப் போகாம வார்டோட தப்பிச்சாருன்னா அதுக்கு அந்த ஊசியும் ஒரு காரணம்னு டாக்டரே சொன்னாரு. ரெண்டு மூணு நாள்ல நீங்க வீட்டுக்கே போலாம்."

"ஆமா, எல்லாம் கூட்டுக் களவாணிங்க!"

ஜெயப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததை அந்த வேகத்தில் சொல்லிவிட்டாள்.

"அவங்க வீட்டுக்காரர் மாடியில ஐசியூல இருக்காரும்மா. இதே காய்ச்சல்தான். மூச்சு விடறதே மெஷின்ல. அந்த அக்கா வீட்டுக்கே போகாம வெளிய சேர்ல உக்காந்திருக்காங்க. பெரியவருக்குத் தெரிஞ்சா கலங்கிடுவாரு, சொல்லாதீங்கன்னு எங்ககிட்ட கேட்டுக்கிட்டாங்க. அவரு மட்டும் ஊசி போட்டுக்கலயாம்."

ஐயோ பாவமே என்று பொன்னம்மாளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்தக் கடைசிப் பேச்சு காதில் ஏறியதும் வந்தது அப்படியே திரும்பிப் போய்விட்டது.

"இன்னாது, போட்டுக்கலயா? ஊருக்கெல்லாம் குத்திட்டுத் தான் மட்டும் நைசா நழுவிகினானா? அடப்பாவி! கேட்டீங்களாம்மா இந்த அநியாயத்த?"

"பொன்னு, நிறுத்துடி!"

திருவேங்கடம் அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. அவர் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது.

"பேரு குடுத்தவங்களுக்கு மட்டும்தான் ஊசி வரவழிச்சாங்க. என்னை யாரும் கூப்புடல. நான்தான் பேரும் குடுக்காம, எல்லாம் முடியற நேரத்துல போயி எனக்கும் போடுங்கன்னு நின்னேன். ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி கீதுன்னாங்க. அதுக்கு அந்த ராகவன் புள்ள சட்டக் கைய மடிச்சிகினு உக்காந்துகினு இருந்தான்."

மறுபடி இருமல். பொன்னம்மாள் தண்ணீர் டம்ளரை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை.

"'நீங்க எழுந்திரிங்க, அங்கிளுக்குப் போடட்டும், உங்களுக்கு அப்புறம் பாத்துக்கலாம்'னு அவனை எழுப்பிவிட்டதே இந்த நிஷாப் பொண்ணுதான்டி!"