பத்திரமாக வைத்த மருந்துப் பெட்டி

மலை ஊருக்குப் புறப்பட்ட வேனில், மருந்துப் பெட்டியைத்தான் முதலில் ஏற்றினார்கள். அதன் மேல் பாய், முறுக்கு டின், துணி மூட்டைகள் என்று கூரை தொட அடுக்கினார்கள்.

"இத்தனையும் நம்ம தலை மேலயா?" என்று பெட்டிக்குள் இருந்த கத்தரி முணுமுணுத்தது.

"முக்கியமானவங்களைத்தான்டி முதல்ல ஏத்துவாங்க," என்றது பஞ்சு. அதற்குப் பெருமை தாங்கவில்லை.

வளைவுகளில் வேன் தொட்டில் போல ஆடியது. பஞ்சு தன்னை ஒரு மேகமாக நினைத்துக்கொண்டு, மலைமேல் மிதந்தபடியே தூங்கிப்போனது.

குறுக்கே மாடு வந்ததில் வண்டி குலுங்கி நின்றது. ஒரு சிறுமி வீறிட்டு அழுதாள்.

"பிள்ளைக்கு நெத்தியில ரத்தம் வருது. மருந்துப் பெட்டி எங்கே?"

"பத்திரமா அடியில வெச்சிருக்கேன், இருங்க," என்றாள் அவள் அம்மா.

மூட்டைகள் நகரும் சத்தம் கேட்டது. பஞ்சு மூச்சை அடக்கிக் காத்திருந்தது. பாதியிலேயே சத்தம் நின்றது. அழுகையும் மெல்ல அடங்கியது.

கொஞ்ச நேரத்தில், ரத்தம் படிந்த ஒரு துண்டை மூட்டை இடுக்கில் செருகினார்கள்.

"பிள்ளைக்கு எப்படி இருக்கு?" என்று பஞ்சு உள்ளிருந்தே கேட்டது.

"தூங்குது," என்றது துண்டு. "டிரைவர் வேர்வை துடைக்கிற துண்டு நான். என்ன செய்யறது, வேற யாரும் கைக்குக் கிடைக்கலையே."

மூட்டைகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டே அம்மா சொன்னாள்: "நல்லவேளை, பெட்டியைப் பிரிக்காமலே முடிஞ்சுது. புதுசு அப்படியே இருக்கு."

கத்தரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. பஞ்சின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.